எலும்பின் மேல் வைத்த பிளேட்டுக்கு 90 நாள் கெடு வைத்தவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிவு ஆபரேஷன் செய்யும் மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும், அங்கே கத்தி பிடிக்கும் டாக்டர்களுக்கும்,

போன வியாழக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு என் நாத்தனார் மகனை உங்களிடம் தூக்கி வந்தோம். முன்கை எலும்பு இரண்டும் முறிந்திருந்தது. பிளேட் வைக்க வேண்டும் என்றீர்கள், சரி என்றோம். கவுன்ட்டரில் மூன்று பக்கத் தாளை நீட்டி ஐந்து இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். நாத்தனார் அழுதுகொண்டே போட ஆரம்பித்தாள். நான் வாங்கிப் படித்தேன். இரண்டாம் பக்கம், ஏழாவது வரி: ‘அறுவை சிகிச்சை முடிந்து 90 நாட்களுக்குப் பிறகு ஏற்படும் புண், சீழ், கசிவு ஆகியவற்றுக்கு மருத்துவமனை பொறுப்பாகாது.’

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒன்றும் பேசாமல் புதுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். நாத்தனார் அதில் கையெழுத்துப் போட்டாள். உள்ளே பையன் வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய் போடமாட்டாள்?

இரண்டு வருஷத்துக்கு முன் நான் கையெழுத்துப் போட்ட தாளில் இந்த வரி இல்லை. எங்களைப் போன்றவர்களைப் பார்த்த பிறகுதான் இதைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த மடல். உங்கள் பெயரை எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் ஆத்தங்குடிக் கல் போடுகிறவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்து ஊற்றிப் பூப்போடும் வேலை; இருபத்திரண்டு வருஷமாக ஒரே பட்டறை. 2023 பங்குனியில் ஒரு சாயங்காலம் பட்டறையிலிருந்து வண்டியில் வந்தவர், குறுக்கே ஓடிய ஆட்டுக்காக பிரேக் பிடித்துச் சரிந்தார். வலது காலில், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. 108 உங்கள் வாசலில் இறக்கியது 6:50க்கு. முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஏறியது 10:15க்கு. உங்கள் கேஸ் ஷீட்டிலேயே இருக்கிற நேரம் இது. எலும்பு தெரிகிற காயத்துக்கு அந்த ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு வழக்காட வரவில்லை. அன்றைக்கே கழுவி, பிளேட் வைத்து, காலைக் காப்பாற்றினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

கிருமி வந்ததற்கும் உங்களைக் குறை சொல்லவில்லை. தோல் கிழியாத முறிவில் ஆபரேஷன் செய்தால் 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்குக் கிருமி பிடிக்கலாம், மோசமாகக் கிழிந்த கால் முறிவில் அது 30 பேர் வரைகூடப் போகும் என்று நர்சிங் படிக்கிற என் அண்ணன் மகள் புத்தகத்தைக் காட்டினாள். இவருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. பீடியும் உண்டு; ஆபரேஷன் முடிந்த பிறகும் திருட்டுத்தனமாகக் குடித்தார், நானே பிடித்தேன். இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை.

என் குறை 41ஆம் நாளில் தொடங்குகிறது.

நான் பலகாரம் சுட்டு விற்கிறவள். ஆர்டர் நோட்டில்தான் வீட்டுக் கணக்கும் எழுதுவேன். அதில் ‘மணகோலம் 2 கிலோ, கல்யாண வீடு’ என்பதற்குக் கீழே இப்படி இருக்கிறது: ‘காலில் தண்ணி மாதிரிக் கசிவு. தையல் ஒத்துக்கலையாம். மாத்திரை 5 நாள். டிரெஸ்ஸிங் 200.’ அது 41ஆம் நாள். 48ஆம் நாள், சீப்புச் சீடைக்கு அரிசி வாங்கிய கணக்குக்குப் பக்கத்தில்: ‘மஞ்சளா வருது. வேற மாத்திரை.’ 57: ‘ராத்திரி காய்ச்சல்.’ 66: ‘மாத்திரை நிறுத்தினா மறுபடி வருது.’ 79: ‘பஞ்சுக் குச்சியால தொட்டு டெஸ்ட்டுக்கு எடுத்தாங்க. மூணு கிருமி இருக்காம். மேல இருக்கிற கிருமிதான், பயப்பட வேண்டாம்.’ இப்படியே போகிறது. பத்து வாரத்தில் ஐந்து விதமான ஆன்டிபயாடிக் மாத்திரை. ஒரு தடவைகூடக் கசிவு வருகிற அந்த ஓட்டை எங்கே போய் முடிகிறது என்று நீங்கள் பார்க்கவில்லை.

112ஆம் நாள் காலையில் வீட்டில் நானே கட்டைப் பிரித்தேன். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை ஓட்டையின் ஓரத்தில் வைத்து ஒற்றியபோது உள்ளே ஏதோ பளிச்சென்றது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் காலைத் திருப்பிப் பார்த்தேன். எவர்சில்வர். என் வீட்டுக்காரர் காலுக்குள் என் அடுக்களைத் தட்டு மாதிரி ஒரு மினுக்கல். நான் அவரிடம் சொல்லவில்லை, பஞ்சை வைத்து மூடிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அன்று நீங்கள் சொன்ன பதிலையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். ‘சுகர் உடம்பு, அப்படித்தான் ஆறாது. மூணு மாசம் தாண்டிப் போச்சு, இனி இது புதுக் கேஸ். அட்வான்ஸ் 60,000.’

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் ஊருணிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், பாசி என்றால் என்னவென்று தெரியும். கல்படியில் பாசி பிடித்த பிறகு அதன் மேல் நூறு குடம் தண்ணீர் ஊற்றினாலும் பாசி அப்படியேதான் இருக்கும், கால் வைத்தால் வழுக்கும். தேங்காய் நாரை வைத்து உட்கார்ந்து தேய்க்க வேண்டும். பிளேட்டின் மேல் கிருமி செய்வதும் இதைத்தான் என்று அண்ணன் மகள் சொன்னபோது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதன் மேல் ஒட்டிய கிருமி சில நாளிலேயே தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான போர்வையைக் கட்டிக்கொள்கிறது. பயோஃபிலிம் என்கிறார்கள். போர்வைக்கு வெளியே வருகிற கிருமியை மாத்திரை கொல்லும், சீழ் குறையும், நமக்கு ஆறுகிற மாதிரித் தெரியும். மாத்திரையை நிறுத்தினால் உள்ளே இருப்பது திரும்பக் கிளம்பும். 66ஆம் நாள் நோட்டில் நான் எழுதியதும் அதுதான், என்ன எழுதுகிறோம் என்று தெரியாமலே.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் முதலில் செய்த காரியம் எல்லா ஆன்டிபயாடிக்கையும் இரண்டு வாரம் நிறுத்தியது. எனக்குப் பகீரென்றது. பொறுமையாகச் சொன்னார்: மாத்திரை உள்ளே ஓடிக்கொண்டிருந்தால், எடுத்துப் பார்க்கிற சதையில் கிருமி வளர்ந்து காட்டாது, யார் என்று தெரியாமல் யாரை அடிப்பது? காய்ச்சல் ஏறினால் உடனே வரச் சொல்லி போன் நம்பர் கொடுத்தார். ஓட்டையின் வாயில் பஞ்சு வைத்து எடுக்கும் டெஸ்ட்டையும் அவர் பொருட்படுத்தவில்லை. தோலில் எப்போதும் குடியிருக்கும் கிருமிதான் அதில் வரும் என்றார்.

அப்புறம் அவர் கேட்ட கேள்வியில்தான் நான் தலை குனிந்தேன். ‘இது எந்த கம்பெனி பிளேட்? ஸ்டீலா, டைட்டானியமா? ஸ்க்ரூ தலை அறுகோணமா, நட்சத்திரமா?’ உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் ‘பிளேட் மற்றும் ஸ்க்ரூ பொருத்தப்பட்டது’ என்று ஒரே வரி. தலைக்கேற்ற திருப்புளி கையில் இல்லாவிட்டால் ஆபரேஷன் மேசையில் காலைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும், தலை தேய்ந்துவிட்டால் எலும்பைக் குடைந்துதான் எடுக்க வேண்டுமாம். ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு உங்களிடம் மூன்று வாரம் நடந்தேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷ ஒழுங்குமுறையில் இருக்கிறது. பிளேட் வருகிற பெட்டியில் ஒட்டி வரும் அந்தச் சின்ன ஸ்டிக்கரை எங்கள் தாளில் ஒட்டித் தந்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

எக்ஸ்ரேயில் ஸ்க்ரூக்களைச் சுற்றிக் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது. ஸ்க்ரூ ஆடுகிறது, எலும்பு கூடவில்லை. ஆடாமல் உறுதியாக இருந்திருந்தால் பிளேட்டை விட்டுவைத்தே சுத்தம் செய்யலாம், இதில் வழியில்லை என்றார். திறந்து, ஆழத்திலிருந்து ஐந்து துண்டு எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கருவி, வேறு வேறு பாட்டில். இரண்டு துண்டிலாவது ஒரே கிருமி வந்தால்தான் அதை நம்புவார்களாம். லேபில் பதினாலு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். நாலு பாட்டிலில் ஒரே கிருமி, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். எலும்பில் சீழ் பிடிக்க வைப்பதில் முதல் ஆள் அதுதான். நீங்கள் கொடுத்த ஐந்து மாத்திரையில் மூன்றுக்கு அது மசியாது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது.

செத்த எலும்பை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். ‘செதுக்கிக்கொண்டே போவோம் அம்மா, உயிருள்ள எலும்பு வந்ததும் மிளகாய்ப்பொடி தூவின மாதிரிப் பொட்டுப் பொட்டாய் ரத்தம் தெரியும், அங்கே நிறுத்துவோம்’ என்றார். மிளகாய்ப்பொடி தெரிய 4 சென்டிமீட்டர் போக வேண்டியிருந்தது. அந்தக் குழியில் ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட்டை மணி மணியாகக் கோத்து வைத்தார்கள். ஒரு வாரம் ஊசி, பிறகு மாத்திரை, மொத்தம் 6 வாரம். மாத்திரை மேல் எனக்குக் கோபமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். எலும்புக் கிருமிக்கு ஆறு வாரமும் ஊசிதான் வேண்டும் என்றில்லை, சரியான மாத்திரையும் அதே பலன் தரும் என்று பிரிட்டனில் ஆயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியாகியிருக்கிறது. சரியான மாத்திரை என்பதற்கு முன்னால் கிருமியின் பெயர் தெரிய வேண்டும், பாசியைத் தேய்த்திருக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் தந்தீர்கள்.

பிறகு காலைச் சுற்றி, கம்பிகளால் எலும்பைப் பிடித்து நிறுத்தும் இலிசரோவ் வளையம். சைபீரியாவில் குர்கன் என்ற ஊரில் இருந்த டாக்டரின் பெயராம் அது. எலும்பை வேறொரு இடத்தில் நறுக்கி, அந்தத் துண்டை ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் வீதம் கீழே நகர்த்தினால் பின்னால் புது எலும்பு வளர்ந்துகொண்டே வரும். நாளைக்கு நாலு தடவை நட்டைக் கால் மில்லி திருப்ப வேண்டும். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பன்னிரண்டு. நாற்பது நாள் நான்தான் திருப்பினேன். முறுக்கு மாவு பிசைந்த கையைக் கழுவிவிட்டு நட்டைத் திருப்புவேன், மறுபடி வந்து பிசைவேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்வார். புது எலும்பு இறுகி வளையம் கழன்றது பதினோராவது மாதம். அதுவரை பட்டறைக்குப் போகவில்லை. நான் பலகாரம் கொடுக்கும் வீட்டு ஆச்சி ஒருவர் வட்டி கேட்காமல் பணம் தந்ததால்தான் அடுப்பு எரிந்தது.

அந்த வார்டில் பக்கத்துப் படுக்கையில் திருப்பத்தூர்ப் பையன் ஒருவன் இருந்தான். இவரைப் போலவே பிளேட், இவரைப் போலவே கசிவு. அவனுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் மூன்றாவது வாரத்திலேயே ‘இது என்னால் ஆகாது, மதுரைக்குப் போ’ என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார். பிளேட் உறுதியாக இருந்தது. திறந்து சுத்தம் செய்து, பிளேட்டை அப்படியே வைத்து, 12 வாரம் மாத்திரை. புண் காய்ந்த பிறகு காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினையும் இன்னொரு மாத்திரையோடு சேர்த்துத் தந்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று பையன் அலறினான், வார்டே சிரித்தது. அவன் காலில் வளையம் ஏறவில்லை. மூன்றாவது வாரத்தில் சீட்டு எழுதிய அந்த டாக்டரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் ஒரு தூக்கு அதிரசம் கொடுப்பேன்.

41ஆம் நாளே திறந்திருந்தால் பிளேட் தப்பியிருக்குமா என்று மதுரை டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். 4 சென்டிமீட்டர் எலும்பு போயிருக்குமா என்று கேட்டதற்கு, ‘அவ்வளவு போயிருக்காது’ என்றார்.

இப்போது உங்கள் 90 நாளுக்கு வருகிறேன். அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தேடிப் பார்த்தோம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், உடம்புக்குள் ஏதாவது பொருத்தியிருந்தால் ஒரு வருஷம் வரை வருகிற கிருமியை ஆபரேஷன் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று முன்பு வைத்திருந்தது. 2013இல் எலும்பு முறிவு ஆபரேஷனுக்கு அதை 90 நாளாகக் குறைத்தது. ஒரு மருத்துவமனையில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்று எண்ணுவதற்கு எங்காவது கோடு போட வேண்டும், அதற்கான நாள் அது. 91ஆம் நாள் கிருமி ஊரைக் காலி செய்துவிடும் என்று அதில் எங்கும் இல்லை. 2018இல் பல நாட்டு எலும்பு மருத்துவர்கள் கூடி, முறிவு சார்ந்த கிருமித்தொற்று என்றால் எது என்று வரையறை வெளியிட்டார்கள். எலும்பு வரையோ பிளேட் வரையோ போகிற ஓட்டை இருந்தால் அதுவே உறுதியான அடையாளம், சீழ் வந்தாலும் அப்படியே என்கிறது அது. அதில் நாள் கணக்கு இல்லை.

சரி, உங்கள் கணக்குப்படியே வைத்துக்கொள்வோம். 41 என்பது 90க்கு உள்ளேதானே? உங்கள் ஓ.பி. சீட்டுகள் பத்தும் என்னிடம் இருக்கின்றன. ஏழு சீட்டு 90 நாளுக்குள் போட்டவை. அத்தனையிலும் ‘கசிவு’ என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. கெடு முடியும் வரை மாத்திரை கொடுத்துவிட்டு, முடிந்ததும் புதுக் கேஸ் என்று சொல்ல இனி அந்த ஏழாவது வரி உங்களுக்கு உதவும். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

ஊரில் சிலர் புத்தூர்க் கட்டுக்குப் போயிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. எலும்பு வெளியே வந்த காலை எண்ணெய் போட்டுக் கட்டினால் காலே போயிருக்கும். இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் உங்கள் ஏழாவது வரியைப் படித்தவர்கள் நான் சொல்வதை நம்பமாட்டார்கள்.

நான் கேட்பது இவைதான். அந்த வரியை ஒப்புதல் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கும் அது செல்லாது என்று எழுதி ஒட்டுங்கள். பிளேட்டோ ராடோ வைத்த இடத்தில் கசிவு என்று ஒருவர் வந்தால், ஆழத்திலிருந்து சதை எடுத்துப் பார்க்காமல் மாத்திரை மாற்றி மாற்றித் தருவதை நிறுத்துங்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வருகிறவருக்கு உடனே மருந்து தரத்தான் வேண்டும், அதை நான் சொல்லவில்லை. உங்களிடம் அதற்கான ஆளோ லேபோ இல்லை என்றால் ஒரு வாரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுங்கள். அதில் எந்தக் கௌரவக் குறைவும் கிடையாது. எலும்பு தெரியும் காயத்தோடு வருகிறவருக்கு முதல் ஊசியைப் போட்டுவிட்டு அப்புறம் காப்பீட்டு அட்டையைக் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் பிளேட்டின் ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுங்கள். அதே தாளில் தமிழில், பெரிய எழுத்தில், எதைப் பார்த்தால் அன்றைக்கே வர வேண்டும் என்று எழுதுங்கள்: நிற்காத கசிவு, குறைந்த வலி திரும்பக் கூடுவது, காரணம் தெரியாத காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்பு. அதற்கு ராத்திரியும் எடுக்கிற ஒரு போன் நம்பர்.

என் வீட்டுக்காரரின் 112ஆம் நாள் சீட்டில் ‘புதுக் கேஸ்’ என்று எழுதியதைத் திருத்தி, இது உங்கள் ஆபரேஷனைத் தொடர்ந்து வந்த கிருமிதான் என்று எழுத்தில் தர வேண்டும். பணம் கேட்கவில்லை. அந்தத் திருத்தம் வேண்டும்.

ஆடி முடிவதற்குள் பதில் எழுதுங்கள். நாத்தனார் மகனை நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஸ்டிக்கரை அவன் தாளிலிருந்தே ஒட்ட ஆரம்பியுங்கள்.

பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து,
ஒரு பலகாரக்காரி